உஹுராவை எங்கே வைப்பது? ஸ்டார் டிரெக் ரசிகர் கதைகளும் பெண் பாத்திரங்களும்

கேள்விக்குறி | 4 பிப்ரவரி 2024, இரவு 9:14

2009 ஸ்டார் டிரெக் படத்துக்குப் பிறகு வந்த கிர்க்–ஸ்பாக் ரசிகர் கதைகளை, அதாவது கேப்டன் கிர்க்கையும் அவன் கப்பல் அதிகாரி ஸ்பாக்கையும் காதலர்களாக்கும் கதைகளை, தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரி உஹுரா வில்லியாக வருகிறாள். இல்லாவிட்டால் ஆளையே காணோம். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "அவளுக்குத் திரையில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஸ்பாக்கின் காதலியாக வந்து போகிறாள், அவளை வைத்து எழுத என்ன இருக்கு?" எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. திரைக்கதை கொடுக்காததை ரசிகர்கள் எதற்குக் கொடுக்கணும்? இதைப் போய்ப் பெண் வெறுப்பு என்று சொல்வது கொஞ்சம் ஓவர் இல்லையா?

தொடர்பு_அதிகாரி | 4 பிப்ரவரி, இரவு 10:02

"திரையில் ஒன்றும் இல்லை" என்ற வாதம் ரசிகர் உலகத்தில் செல்லாத காசு. ஸ்டார் வார்ஸில் ஜெனரல் ஹக்ஸும் கைலோ ரென்னும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வதைத் தவிர என்ன செய்தார்கள்? அவர்களை ஜோடியாக்கி ஆயிரக்கணக்கில் கதைகள் இருக்கின்றன. பசிபிக் ரிம் (2013) படத்தில் மாகோ மோரி இல்லாமல் கதையே நகராது. ரசிகர் கதைகளில் முன்னால் நிற்பதோ நியூட், ஹெர்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள். ஆக, திரையில் இடம் குறைவாக இருப்பது ஆண்களுக்கு ஒரு தடையாக இருந்ததே இல்லை. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் எல்லோரும் பேனாவை எடுக்கிறார்கள்.

2009 படம் உஹுராவுக்கு என்ன கொடுத்தது என்று பார்ப்போம். கிளிங்கான் சிறைக்கோளிலிருந்து வந்த சமிக்ஞையைப் பிடித்தவள் அவள்தான். 47 கிளிங்கான் கப்பல்கள் அழிந்த செய்தி அது. ஸ்பாக்கின் கிரகமான வல்கனில் காத்திருப்பது பொறி என்று கிர்க் கண்டுபிடிப்பதே அந்தச் செய்தியை வைத்துத்தான். ரோமுலன் மொழியின் மூன்று வட்டார வழக்கும் தெரியும் என்பதால் பாலத்தில், அதாவது கப்பலின் கட்டுப்பாட்டு அறையில், தகவல்தொடர்பு நாற்காலி அவளுக்குக் கிடைக்கிறது. முதலில் ஃபாரகட் கப்பலில் போட்டதை ஸ்பாக்கிடமே நேரில் கேட்டு மாற்றிக்கொள்கிறாள். (அந்த ஃபாரகட் வல்கனுக்குப் போய்த் திரும்பவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் அன்றோடு சரி.) "ஒன்றும் இல்லை" என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இருக்கிறது.

செஞ்சட்டை | 4 பிப்ரவரி, இரவு 10:40

நான் உஹுரா கட்சிதான், ஆனாலும் அந்த டர்போலிஃப்ட் காட்சியை எப்படி ஜீரணிப்பது? ஒரு கிரகமே போச்சு, கப்பல் போரில் இருக்கு, இவங்க லிஃப்ட்டை நிறுத்திவிட்டு முத்தம் கொடுத்துக்கிட்டு இருக்காங்க. வேலை நேரத்தில் இது தேவையா?

தொடர்பு_அதிகாரி | 4 பிப்ரவரி, இரவு 11:05

ஸ்பாக்கின் அம்மா செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்கிறாள், "எல்லோரும் வேலையைச் செய்தால் போதும்" என்கிறான், சரி என்று போய்விடுகிறாள். காட்சி அவ்வளவுதான்.

இதே படத்தில் ஸ்பாக் பாலத்தில் எல்லோர் கண் முன்னாலும் கிர்க்கின் கழுத்தை நெரிக்கிறான். அதற்கு முன்னால் கிர்க்கை ஒரு பனிக்கோளில் தள்ளிவிட்டுப் போகிறான். கிர்க் தன் பங்குக்கு கோபயாஷி மாரு தேர்வில் கள்ளத்தனம் செய்து மாட்டிக்கொள்கிறான். இதெல்லாம் வேலை நேரத்தில்தான் நடக்கிறது. ரசிகர்களில் ஒருவர்கூட "ஒழுங்கீனம்" என்று சொல்லவில்லை. கழுத்தை நெரித்த காட்சியிலிருந்து காதல் தொடங்கியதாகக் கதைகள் வருகின்றன! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

தொடர்பு_அதிகாரி | 5 பிப்ரவரி, காலை 7:30

எல்லாவற்றையும் வெறுப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. கூட்டலும் கழித்தலும் ஒரு காரணம். கையில் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

முதல் தொடரில் (1966–69, 79 அத்தியாயங்கள்) நாம் எண்ணும் முக்கியமானவர்கள் 7 பேர்: கிர்க், ஸ்பாக், மெக்காய், ஸ்காட்டி, சுலு, செக்காவ், உஹுரா. ஏழு பேரில் 21 ஜோடி சாத்தியம். அதில் ஆண்–ஆண் 15. உஹுரா வரக்கூடியது 6. பெண்–பெண் பூஜ்யம். கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்தாலும் ஐந்தில் மூன்றரை தடவை இரண்டு ஆண்கள்தான் வருவார்கள். நர்ஸ் சேப்பலைச் சேர்த்தால் 28 ஜோடி: ஆண்–ஆண் 15, கலப்பு 12, பெண்–பெண் 1. பெண்ணோடு பெண்ணைச் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் கப்பல் முழுக்க அவருக்கு இருப்பது ஒரே ஒரு ஜோடி.

ஆகவே "ரசிகர்கள் ஆண்–ஆண் ஜோடியையே எழுதுகிறார்கள்" என்று குறை சொல்லுமுன் இந்த 15-க்கு 6 என்ற விகிதத்தையும் கணக்கில் எடுக்கணும். அந்தக் கணக்கை எழுதியவர்கள் ரசிகர்கள் அல்ல, தயாரிப்பாளர்கள். 1964-ல் எடுத்த முதல் முன்னோட்ட அத்தியாயத்தில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி ஒரு பெண். என்பிசி தொலைக்காட்சி அந்த முன்னோட்டத்தை நிராகரித்தது, இரண்டாவது முன்னோட்டத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. நடித்த மேஜல் பேரட் நர்ஸ் சேப்பலாகத் திரும்பி வந்தார்.

செஞ்சட்டை | 5 பிப்ரவரி, காலை 8:11

அப்ப கணக்கு வாத்தியார் கேஸை முடிச்சிட்டார். இழையைப் பூட்டிடலாமா?

தொடர்பு_அதிகாரி | 5 பிப்ரவரி, மதியம் 1:20

பூட்ட முடியாது. ஆண்–ஆண் ஜோடி ஏன் அதிகம் என்பதற்குத்தான் அந்தக் கணக்கு பதில். உஹுராவை ஏன் கேவலமாக எழுதுகிறார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. கிர்க்–ஸ்பாக் கதை எழுத அவளைத் தொட வேண்டிய அவசியமே கிடையாது. 1974-ல் 'க்ரப்' என்ற ரசிகர் இதழில் அச்சான முதல் கிர்க்–ஸ்பாக் கதை ஒரு சின்னத் துண்டு, அதில் பாத்திரங்களின் பெயர்கூட வராது. அந்தக் காலத்துக் கதைகளில் உஹுரா பின்னணியில் நிற்பாள், அவளை யாரும் திட்டவில்லை. திட்டுவது பெருகியது 2009-க்குப் பிறகு, அவள் ஸ்பாக்கின் பக்கத்தில் வந்து நின்றதும்.

மறுபக்கச் சோதனைக்கு 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' (2022) என்ற புது ஸ்டார் டிரெக் தொடர் இருக்கிறது. முதல் பருவத்தில் முக்கியமானவர்கள் 9 பேர், அதில் 5 பெண்கள்: ஊனா, லா'ஆன், உஹுரா, சேப்பல், ஒர்டேகாஸ். 36 ஜோடியில் ஆண்–ஆண் 6, பெண்–பெண் 10, கலப்பு 20. இங்கே ரசிகர்கள் சேப்பலையும் ஊனாவையும் லா'ஆனையும் விரட்டி அடிக்கவில்லை, விரும்பி எழுதுகிறார்கள். பெண்கள் ஐந்து பேராக இருக்கும்போது ஒருத்தி தலையில் "எல்லாப் பெண்களின் பிரதிநிதி" என்ற பாரம் விழுவதில்லை. ஒருத்தி கோபக்காரியாக இருக்கலாம், ஒருத்தி சிரிப்பு மூட்டலாம், ஒருத்தி தப்பான ஆளைக் காதலிக்கலாம்.

கேள்விக்குறி | 6 பிப்ரவரி, இரவு 8:45

எவ்வளவு கதை, யாரைப் பற்றி என்று எண்ணிப் பார்க்க வழி உண்டா? ஏஓ3 என்ற ரசிகர் கதை இணையதளத்தில் ஜோடியின் பெயரைத் தட்டினால் ஒரு எண் வருகிறது. அதை நம்பலாமா?

தொடர்பு_அதிகாரி | 6 பிப்ரவரி, இரவு 9:50

அப்படியே நம்பினால் ஏமாந்து போவீர்கள். நான் செய்வது இது.

முதலில் கணக்கில் உள்நுழையுங்கள். பூட்டி வைத்த கதைகள் உள்நுழைந்தவருக்கு மட்டுமே தெரியும் என்பதால் வெளியே நின்று எண்ணினால் எண்ணிக்கை குறையும். அப்புறம் 2009-ல் தொடங்கிய படங்களுக்கென்று இருக்கும் ஃபேண்டம் டேக்கை (ரசிகர் வட்டத்தின் அடையாளக் குறி) திறந்து வடிகட்டியில் கிராஸ்ஓவர்களை (வேறு தொடர்களோடு கலந்த கதைகள்) விலக்குங்கள். பக்கத்துப் பெட்டியில் முதல் பத்து உறவுகளும் முதல் பத்துப் பாத்திரங்களும் எண்ணிக்கையோடு வரும்.

அங்கே ஸ்பாக்/உஹுரா என்று வரும் எண்ணில் பாதிக் குப்பை கலந்திருக்கும். முதல் பத்தியிலேயே பிரிந்துவிடும் ஜோடிக்கும் அதே டேக்கைத்தான் போடுகிறார்கள். "முடிவுகளுக்குள் தேடு" என்ற கட்டத்தில் otp:true என்ற குறியை அப்படியே சிறிய ஆங்கில எழுத்தில், நடுவில் முக்காற்புள்ளியோடு, இடைவெளி விடாமல் தட்டினால் ஒரே ஒரு உறவு டேக் உள்ள கதைகள் மட்டும் மிஞ்சும். எண் சடாரென்று இறங்கும். அதுதான் உண்மையான கணக்குக்குக் கிட்டத்தில் இருக்கும்.

அடுத்தது முக்கியம்: உஹுராவைக் கிர்க்கோடும் ஸ்பாக்கோடும் ஒப்பிடாதீர்கள். அவர்கள் நாயகர்கள். சுலுவோடும் செக்காவோடும் ஸ்காட்டியோடும் ஒப்பிடுங்கள். திரை நேரம் ஏறக்குறைய ஒத்துப்போகும் ஆட்களோடு வைத்துப் பார்த்தால்தான் பாலினம் என்ன வேலை செய்கிறது என்று தெரியும்.

கடைசியாக, எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கூடோஸ் (வாசகர் தரும் பாராட்டுக் குறி) வரிசையில் முதல் இருபது கதையை எடுத்து, ஒவ்வொன்றிலும் உஹுரா என்ன செய்கிறாள் என்று ஒரு வரி குறியுங்கள். கூடோஸ் வரிசை பழைய கதைகளுக்குச் சாதகம், அவற்றுக்குச் சேர்க்க அதிக வருடம் கிடைத்தது. அதனால் புதுப்பித்த தேதி வரிசையில் இன்னொரு இருபது.

செஞ்சட்டை | 6 பிப்ரவரி, இரவு 10:15

"பேஷிங்", அதாவது ஒரு பாத்திரத்தை வேணும்னே கேவலப்படுத்துறதுன்னு டேக் போட்ட கதைகளை விலக்கிட்டா பாதித் தலைவலி போயிடும். அந்த டேக் போடுறவங்களையாவது நேர்மையானவங்கன்னு சொல்லணும். டேக் போடாம பதினாலாம் அத்தியாயத்தில் கத்தியை எடுக்கிறவங்கதான் ஆபத்து.

தொடர்பு_அதிகாரி | 8 பிப்ரவரி, இரவு 11:30

அந்த நாற்பது கதையைப் படித்தால் ஒன்று புரியும். குறுக்கே நிற்கும் பெண்ணை அப்புறப்படுத்த ரசிகர்களிடம் இருக்கும் வழிகள் கைவிரலுக்குள் அடங்கிவிடும். எல்லாம் எழுத்தளவிலேயே பழுதானவை. அறத்தைப் பிறகு பேசலாம், கதையாகவே ஏன் ஓடாது என்பதைச் சொல்கிறேன்.

வில்லியாக்குவது. உஹுரா பொறாமைக்காரி, ஸ்பாக்கைக் கட்டுப்படுத்துகிறாள், உணர்ச்சி காட்டச் சொல்லி நச்சரிக்கிறாள். இதில் கதைக்கு என்ன கேடு என்றால், ஸ்பாக் முட்டாளாகிவிடுகிறான். தர்க்கமே உருவான ஒருவன் இப்படி ஒரு பெண்ணோடு இரண்டு படம் பழகினான் என்றால் அவன் மதிப்பும் சேர்ந்து இறங்குகிறது. கிர்க்குக்குக் கிடைப்பது குறைந்த மதிப்புள்ள ஸ்பாக்.

கொன்றுவிடுவது. சோகம் இலவசமாகக் கிடைக்கும், கிர்க் ஆறுதல் சொல்ல வருவான். ஆனால் பெண்ணின் சாவு இரண்டு ஆண்களைச் சேர்க்கும் பசையாகிறது. மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு அவள் பெயரே வராது. தகவல்தொடர்பு நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்.

தரகர் ஆக்குவது. இது நல்லெண்ணத்தில் செய்வது, அதனாலேயே கண்ணில் படாது. உஹுரா புத்திசாலி, பெருந்தன்மை உள்ளவள், "போ, உனக்கு ஜிம் கிர்க்தான் பொருத்தம்" என்று சிரித்துக்கொண்டே வழி அனுப்புகிறாள். அவளுக்கு ஒரு நாள்கூட வலிக்காது. காதலித்தவனை இழந்தவளுக்குக் கோபப்பட இரண்டு பக்கம் கொடுக்காத கதை, வில்லியாக்கிய கதையைவிட அவளைக் குறைவாக மதிக்கிறது என்பது என் கட்சி. வில்லிக்காவது ஆசை என்று ஒன்று இருக்கிறது.

மிச்சம் இருக்கும் ஆளோடு கட்டிவைப்பது. ஸ்காட்டி சும்மா இருக்கிறான், ஐந்தாம் படத்தில் (1989) லேசாக ஒரு கோடு காட்டினார்கள் என்று இரண்டே வரியில் முடிச்சுப் போடுவார்கள். உஹுரா–ஸ்காட்டி ஜோடியை விரும்பி எழுதுபவர்கள் வேறு, அவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. பொருளை அலமாரியில் ஒதுக்கி வைக்கிற கணக்காக எழுதுவதைச் சொல்கிறேன்.

விட்டுவிடுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐயாயிரம் சொல் கதையில் ஏழு பேரும் வரணும் என்று யாரும் கேட்கவில்லை. லட்சம் சொல் கதையில், முதல் தொடர்பு, போர், சமாதானப் பேச்சு எல்லாம் இருந்தும் தகவல்தொடர்பு அதிகாரி வரவில்லை என்றால் அது ஓட்டை.

கேள்விக்குறி | 9 பிப்ரவரி, இரவு 7:58

இன்னொரு வாதமும் கண்ணில் படுகிறது. ஸ்பாக் விண்படை அகாடமியில் ஆசிரியர், உஹுரா மாணவி. அந்த உறவே தப்பு, அதனால்தான் பிடிக்கவில்லை என்கிறார்கள். இதையும் தள்ளிவிட முடியுமா?

தொடர்பு_அதிகாரி | 9 பிப்ரவரி, இரவு 8:40

தள்ள வேண்டாம். அதிகார ஏற்றத்தாழ்வு உண்மையான கேள்வி, அதை எடுத்து எழுதினால் நல்ல கதை வரும். ஆனால் கேள்வி யாரிடம் போகணும்? ஆசிரியரிடம். அந்தக் கதைகளில் பதில் சொல்லும் இடத்தில் நிற்பதோ மாணவி: "படுத்துப் பதவி வாங்கினாள்." அவளுடைய திறமையைப் படத்தில் ஸ்பாக்கே வாய்விட்டு ஒப்புக்கொள்கிறான். சலுகை காட்டியதாகத் தெரியக் கூடாது என்றுதான் அவளை வேறு கப்பலில் போட்டான். அதாவது அந்த உறவால் அவளுக்கு முதலில் கிடைத்தது நஷ்டம்.

சுருக்கமான சோதனை: அதே கதாசிரியர் கிர்க்கை மாணவனாகவும் ஸ்பாக்கை ஆசிரியனாகவும் வைத்து அகாடமிக் காதல் எழுதியிருக்கிறாரா? எழுதியிருந்தால் அவருக்கு நெறி பிரச்சினை இல்லை.

செஞ்சட்டை | 9 பிப்ரவரி, இரவு 8:52

அகாடமி ஏயூ (மாற்று உலகம்) கதைகள் எத்தனை இருக்குன்னு எண்ணச் சொல்லாதீங்க சார், விடிஞ்சிடும்.

தொடர்பு_அதிகாரி | 13 பிப்ரவரி, இரவு 10:20

நிறம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானே தொடங்குகிறேன்.

"உஹுரா சுதந்திரமான பெண், அவளுக்கு எதற்குக் காதல், அவளை ஏன் காதலியாகக் குறைக்கணும்" என்ற பேச்சு கேட்க முற்போக்காக இருக்கும். 1966 முதல் 1969 வரை நிஷெல் நிக்கோல்ஸின் உஹுராவுக்கு ஒரு காதல் கதைகூடத் தரவில்லை. கப்பலில் வந்து போன வெள்ளைப் பெண்களுக்கெல்லாம் கிர்க் கிடைத்தான். உஹுராவுக்குக் கிடைத்தது 1968 நவம்பரில் 'பிளேட்டோஸ் ஸ்டெப்சில்ட்ரன்' அத்தியாயத்தில் ஒரு முத்தம். அதுவும் வேற்றுக்கோள்வாசிகள் மனவலிமையால் இருவரையும் பொம்மைபோல ஆட்டுவித்துக் கொடுக்க வைத்தது. முதல் பருவம் முடிந்ததும் விலகப் பார்த்த நிக்கோல்ஸை மார்ட்டின் லூதர் கிங் தடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். இத்தனைக்கும் பிறகு நாற்பது வருடம் கழித்து ஜோயி சல்டானாவின் உஹுராவை ஸ்பாக் நேசிக்கிறான் என்று காட்டியபோது, கறுப்பினப் பெண் ரசிகைகள் பலர் அதைக் குறைத்ததாகப் பார்க்கவில்லை, கொடுத்ததாகப் பார்த்தார்கள். காதல் வேண்டாம் என்று சொல்லும் உரிமை, காதல் எப்போதும் கிடைத்தவர்களுக்கு மலிவாக வருகிறது.

இதே அச்சு வேறு இடங்களிலும் விழுந்திருக்கிறது. டாக்டர் ஹூவில் 2007-ல் வந்த மார்த்தா ஜோன்ஸ் முந்தைய நாயகி "ரோஸின் இடத்தைப் பிடிக்க வந்தவள்" ஆனாள். ஒரு வருடம் உலகம் முழுக்க நடந்தே போய் உலகத்தைக் காப்பாற்றியதும், ஒருதலைக் காதல் போதும் என்று தானாக வெளியேறியதும் பலர் கணக்கில் ஏறவில்லை. ஸ்டார் வார்ஸில் ரோஸ் டிக்கோவாக நடித்த கெல்லி மேரி டிரான் 2018-ல் வசை தாங்காமல் இன்ஸ்டாகிராம் பதிவுகளை மொத்தமாக அழித்தார். அங்கே ரசிகர் கதையைத் தாண்டி நிஜ ஆள் மேல் பாய்ந்துவிட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன், ஆனால் இரண்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன்.

கேள்விக்குறி | 14 பிப்ரவரி, மதியம் 12:10

ஆனால் கிர்க்–ஸ்பாக் எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தானே? பெண்களே பெண் பாத்திரத்தை ஒதுக்குவது எப்படி?

தொடர்பு_அதிகாரி | 14 பிப்ரவரி, இரவு 9:00

அது தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். ஆண்–ஆண் ஜோடியில் சம பலம் தானாக வருகிறது. யார் சமைப்பது, யார் வேலையை விடுவது, யாருக்குப் பிள்ளை என்ற பழைய சுமை எதுவும் இல்லாமல் காதலை எழுதலாம். இதை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல எழுத்து நிறைய இதிலிருந்து வந்திருக்கிறது.

இன்னொரு காரணம் பயம். 1973-ல் பாலா ஸ்மித் ஒரு பகடி எழுதினார்: பதினைந்தரை வயது லெஃப்டினன்ட் மேரி சூ, எல்லோரும் மயங்கும் மேதை. ரசிகர் கதைகளில் தன்னையே நாயகியாக்கும் பழக்கத்தைக் கேலி செய்த ஒரு பக்கக் கதை. கேலி நியாயமானது. அதன் பின்விளைவுதான் மோசம்: திறமையான பெண்ணை எழுதினாலே "மேரி சூ" முத்திரை விழும் என்று எழுதுபவர்கள் பெண்களையே தவிர்க்கத் தொடங்கினார்கள். பிறகு அந்த முத்திரை ரசிகர் கதையைத் தாண்டி ஸ்டார் வார்ஸின் ரே (2015), ஸ்டார் டிரெக்கின் மைக்கேல் பர்னம் (2017) போன்ற திரை நாயகிகள் மேலும் குத்தப்பட்டது. ஒரே படத்தில் கேடட்டாக ஏறி கேப்டனாக இறங்கும் கிர்க்கை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

செஞ்சட்டை | 14 பிப்ரவரி, இரவு 9:31

சரி, திட்டினது போதும். நாளைக்கே ஒருத்தர் கிர்க்–ஸ்பாக் கதை எழுத உட்காருறார், உஹுராவையும் மனுஷியா எழுதணும். என்ன செய்யணும்? பாயின்ட் பாயின்டா சொல்லுங்க.

தொடர்பு_அதிகாரி | 17 பிப்ரவரி, மாலை 6:15

முதலில் பிரிவைச் சரியாகக் கட்டுங்கள். பெரும்பாலான கதை உடையும் இடம் அதுதான். பிரிவுக்குக் கிர்க் காரணமாக இருக்கக் கூடாது, அவர்களுக்குள்ளேயே ஒரு காரணம் வேண்டும். நீங்கள் கண்டுபிடிக்கவும் தேவையில்லை, 2016-ல் வந்த 'பியாண்ட்' படம் கொடுத்துவிட்டது: அழிந்த இனத்தை மீட்க நியூ வல்கனுக்குத் தன் கடமை இருக்கிறது என்று ஸ்பாக் நினைக்கிறான், அதில் இருவரும் பிரிகிறார்கள். அவன் கொடுத்த வோகாயாக் கல் மாலையை அவள் திருப்பித் தருகிறாள், கொடுத்ததைத் திரும்ப வாங்குவது வல்கன் வழக்கமில்லை என்கிறான். அந்தக் கல்லின் மெல்லிய கதிர்வீச்சை வைத்துத்தான் பிறகு அவளைத் தேடிப் பிடிக்கிறார்கள். காதலிக்குக் கண்காணிப்புக் கருவி மாட்டினாயா என்று மெக்காய் கேட்கும் இடம் சிரிப்புக்கும் ஆகும், இருவருக்கும் நடுவில் ஒரு நல்ல சண்டைக்கும் ஆகும்.

பிரிவுக்கும் புதுக் காதலுக்கும் நடுவில் காலம் விடுங்கள். அந்த இடைவெளியில் இருவரும் ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் காட்சி ஒன்றாவது வேண்டும். பாலத்தில் அவள் நாற்காலி ஸ்பாக்கின் இடத்துக்குப் பக்கத்தில்தான். முன்னாள் காதலர்கள் எட்டு மணி நேரம் தொழில் பேச்சு பேசுவது எப்படி இருக்கும் என்று எழுதினாலே பாத்திரம் எழுந்து நிற்கும்.

அவள் தொழிலைக் கதையில் மாட்டுங்கள். கேட்பது, பிரிப்பது, மொழிபெயர்ப்பது, சமிக்ஞையை வழிமாற்றுவது, பழுதுபார்ப்பது. 1967-ன் 'ஹூ மோர்ன்ஸ் ஃபார் அடோனைஸ்' அத்தியாயத்தில் அவள் கருவிப்பலகையின் உள்ளே கைவிட்டு நுண்சுற்றுகளைச் சரிசெய்கிறாள், இந்த வேலைக்கு உன்னைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று ஸ்பாக் சொல்கிறான். உங்கள் கதையில் ரோமுலன் செய்தியை கிர்க்கே புரிந்துகொண்டால் அந்தக் காட்சியைத் திருப்பி எழுதுங்கள்.

ஒரு கட்டம் போடுங்கள்: உஹுரா ஒரு பக்கம், மற்ற ஆறு பேர் ஒரு பக்கம். ஒவ்வொருவரோடும் அவள் ஸ்பாக்கைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசுவாள்? ஒரு கட்டத்துக்கு ஒரு வரி. மூன்று கட்டமாவது நிரம்பவில்லை என்றால் அவள் இன்னும் கதைக்குள் வரவில்லை.

பார்வைக் கோணம். கதை முழுக்க கிர்க்கின் கண்ணில் ஓடினால், உஹுராவைப் பற்றிய எரிச்சல் கிர்க்கின் எரிச்சல் என்று வாசகருக்குத் தெரியணும். கதைசொல்லியும் சேர்ந்து எரிந்தால் அது பேஷிங். ஒரு நல்ல உபாயம், கிர்க் நினைத்தது தப்பு என்று ஒரு சின்ன நிகழ்ச்சியில் காட்டிவிடுவது. அவன் ஒப்புக்கொள்ளக்கூட வேண்டாம்.

முடித்த பிறகு அவள் பேசும் வரிகளை மட்டும் தனியாக வெட்டி ஒரு கோப்பில் ஒட்டிப் படியுங்கள். எல்லாம் கேள்வியாகவோ ஆறுதலாகவோ இருந்தால் மறுபடி உட்காரணும்.

தொடர்பு_அதிகாரி | 17 பிப்ரவரி, இரவு 11:48

மேலே எழுதியதற்கு ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் படித்துவிட்டு உஹுராவைக் குறையே இல்லாத தெய்வமாக்கினால் மறுபடி தரகர் பாத்திரம்தான் வரும். 'இன்டு டார்க்னஸ்' (2013) படத்தில் விண்ணோடத்தில் கேப்டன் முன்னாலேயே ஸ்பாக்கோடு சண்டை போடுகிறாள். அது நேரம் கெட்ட நேரம்தான், தப்புதான். அடுத்த சில நிமிடங்களில் தனியாக வெளியே இறங்கி ஆயுதம் ஏந்திய கிளிங்கான்களிடம் அவர்கள் மொழியில் பேசுகிறாள். இரண்டும் ஒரே ஆள் செய்வது. அந்தப் படத்தின் முடிவில் ஸ்பாக் வில்லன் கானைக் கொல்லப்போகும்போது ஓடிவந்து தடுப்பதும் அவள்தான். கானின் ரத்தம் இல்லையென்றால் கிர்க் பிழைத்திருக்க மாட்டான். கிர்க்–ஸ்பாக் ரசிகர்கள் அவளுக்கு ஒரு நன்றிக் கடிதம் பாக்கி வைத்திருக்கிறார்கள்.

செஞ்சட்டை | 18 பிப்ரவரி, காலை 9:05

பிரிக்காமலேயே மூணு பேரையும் ஒண்ணா வெச்சுட்டா? பிரச்சினை தீர்ந்துதே.

தொடர்பு_அதிகாரி | 18 பிப்ரவரி, காலை 11:40

மூவர் கதையில் மூன்று பக்கம் இருக்கிறது: கிர்க்–ஸ்பாக், ஸ்பாக்–உஹுரா, கிர்க்–உஹுரா. நூற்றுக்குத் தொண்ணூறு கதையில் மூன்றாவது பக்கம் காலி. இருவரும் ஸ்பாக்கைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை நிரப்பத் திரையிலேயே சரக்கு இருக்கிறது. அயோவா மதுக்கடையில் பெயரைச் சொல்ல மறுக்கிறாள், படம் முடியும் தறுவாயில் டிரான்ஸ்போர்ட்டர் மேடையில் ஸ்பாக் வாயால்தான் அவன் அந்தப் பெயரைக் கேட்கிறான். அவள் அறைத்தோழி கைலாவின் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அந்த கிளிங்கான் செய்தியை ஒட்டுக்கேட்கிறான். பிறகு பாலத்தில், அவள் கண்டுபிடிப்பை நம்பி மொத்தக் கப்பலையும் நிறுத்தச் சொல்கிறான். வெறுப்பிலிருந்து தொழில் மரியாதைக்கு வரும் வளைவு முழுசாக இருக்கிறது. எழுதுபவர்கள்தான் எடுப்பதில்லை.

கேள்விக்குறி | 20 பிப்ரவரி, இரவு 9:22

உஹுராவை விட்டு ஒரு நிமிடம் தள்ளி நிற்கிறேன். ஸ்பாக்குக்கு நிச்சயித்த டி'ப்ரிங்? அவளை யாரும் காப்பாற்ற மாட்டீர்களா?

தொடர்பு_அதிகாரி | 20 பிப்ரவரி, இரவு 10:30

டி'ப்ரிங்குக்கு அநியாயம் செய்ததில் முதல் பரிசு. 'அமோக் டைம்' (1967) அத்தியாயத்தை அவள் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். ஏழு வயதில் நிச்சயம் செய்த மாப்பிள்ளை, விருப்பம் ஸ்டான் என்ற இன்னொரு வல்கன் மேல், வல்கன் சட்டத்தில் விலக ஒரே வழி சவால். ஸ்டானைச் சவாலுக்கு நிறுத்தினால் அவன் செத்துப்போகலாம், அதனால் கிர்க்கைத் தேர்வு செய்கிறாள். கிர்க் ஜெயித்தால் அவளை ஏற்க மாட்டான். ஸ்பாக் ஜெயித்தால் சவால் விட்டதற்காகவே விலக்கிவிடுவான். விலக்காவிட்டாலும் அவன் விண்வெளிக்குப் போய்விடுவான், ஸ்டான் பக்கத்தில் இருப்பான். எப்படி உருட்டினாலும் அவளுக்கு வெற்றி. ஸ்பாக்கே பழுதற்ற தர்க்கம் என்று பாராட்டுகிறான். கிர்க்கின் உயிரைப் பணயம் வைத்தாள், அது குற்றம்தான். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்களை ஒரு ரசிகர் கதையும் திட்டுவதில்லை.

புதுத் தொடரில் ஜியா சந்து நடித்த டி'ப்ரிங் இன்னும் கஷ்டமான இடத்தில் இருக்கிறாள். ஸ்பாக்–சேப்பல் ஜோடிக்கு இப்போது அவள்தான் குறுக்கே நிற்பவள். 2009-ல் உஹுராவுக்காக வழக்காடிய சிலரே டி'ப்ரிங்கை "சிடுமூஞ்சி" என்று எழுதுவதைப் பார்க்கிறேன். பிறகு 2023-ல் அந்தப் பாட்டு அத்தியாயத்தில் சேப்பல் தன் ஆய்வு வாய்ப்பைக் கொண்டாடி ஸ்பாக்கை விட்டுப் போனதும் வசை சேப்பல் பக்கம் திரும்பியது. ஸ்பாக் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு அடி.

செஞ்சட்டை | 20 பிப்ரவரி, இரவு 10:41

பழைய தொடர்ல முதல்ல சாகிற சிவப்புச் சட்டைக்காரங்களைவிட ஆபத்தான வேலை போலிருக்கே, ஸ்பாக்கின் காதலி.

கேள்விக்குறி | 23 பிப்ரவரி, இரவு 8:00

எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பழைய தொடர் முழுசாகப் பார்க்க நேரம் இல்லை. உஹுராவுக்காக மட்டும் எதைப் பார்க்கட்டும்? அப்புறம் ஒரு சின்ன சந்தேகம்: பின்னணியில் மட்டும் வந்தால் அவள் பெயரை டேக்கில் போடலாமா?

தொடர்பு_அதிகாரி | 23 பிப்ரவரி, இரவு 9:35

டேக்: வசனமும் செயலும் உள்ள ஒரு காட்சியாவது இருந்தால் பாத்திர டேக் போடுங்கள். சாய்கோடு போட்ட ஸ்பாக்/உஹுரா டேக்கை, அவர்கள் பிரிந்த கதைக்குப் போடாதீர்கள். அந்த ஜோடியைத் தேடி வருபவர் ஏமாறுவார். "முன்னாள் உறவு" என்று கூடுதல் டேக்கில் எழுதலாம். நட்பு என்றால் சாய்கோட்டுக்குப் பதில் உம்மைக் குறி (&). கிர்க்கும் உஹுராவும் நண்பர்களாக வரும் கதைக்கு அதைப் போட்டால் தேடுபவர்கள் வந்து சேருவார்கள்.

பார்க்க வேண்டியவை: 1966-ல் 'தி மேன் டிராப்', நிலா காயும் மாலையில் வல்கன் எப்படி இருக்கும் என்று ஸ்பாக்கைச் சீண்டுகிறாள், வல்கனுக்கு நிலா கிடையாது என்கிறான். அதே வருடம் 'சார்லி எக்ஸ்', ஸ்பாக் யாழ் வாசிக்க அவனையே கிண்டல் செய்து பாடுகிறாள். 2009-ல் திடீரென்று முளைத்த ஜோடி என்பவர்களுக்கு இந்த இரண்டும் போதும். 1967-ல் 'மிரர், மிரர்', கத்தியோடு. அதே வருடம் 'தி சேஞ்ச்லிங்', அவள் நினைவு முழுக்க அழிக்கப்படுகிறது, மறுபடி படிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறாள், அடுத்த வாரம் ஒன்றும் நடக்காததுபோல நாற்காலியில் இருக்கிறாள். அந்த நடு வாரத்தை எழுத இடம் அப்படியே கிடக்கிறது. புதுத் தொடரில் முதல் பருவத்தின் இரண்டாம் அத்தியாயம்: பெற்றோரை விபத்தில் இழந்த கேடட், வால்மீனோடு பாட்டால் பேசுகிறாள்.

செஞ்சட்டை | 23 பிப்ரவரி, இரவு 9:50

கார்ட்டூனை விட்டுட்டீங்க.

தொடர்பு_அதிகாரி | 23 பிப்ரவரி, இரவு 9:58

ஆமாம், 1973 அனிமேஷன் தொடரில் 'தி லோரலை சிக்னல்'. ஆண்கள் எல்லோரும் மயங்கிக் கிடக்க, உஹுரா கப்பலின் பொறுப்பை எடுத்துக்கொண்டு சேப்பலையும் பெண்கள் மட்டுமே உள்ள மீட்புக் குழுவையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறாள். அரை மணி நேரம்கூட ஆகாது. முதலில் அதைப் பாருங்கள், எழுதியதை இங்கேயே ஒட்டுங்கள். டேக் நான் சரிபார்த்துத் தருகிறேன்.